கன்டெய்னர் போனால் கணக்கும் போகுமா?

டாக்கர் பற்றி எழுதுகிற எல்லோரும் "எங்கே வேண்டுமானாலும் ஓடும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சரி, ஓடும். எழுதி வைத்த டேட்டா எங்கே தங்கும்? அதை மட்டும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கோ அதுதான் முதல் கேள்வி. நான் செய்வது காலேஜ் ப்ராஜெக்ட் இல்லை, ஜேடர்பாளையத்தில் பெரியப்பாவின் வெல்ல ஆலைக் கணக்கு. யார் தோட்டத்துக் கரும்பு எத்தனை டன், பிலிக்கல்பாளையத்துக்கு எத்தனை சிப்பம் போனது, ஆள்காரர்கள் வாங்கிய முன்பணம் எவ்வளவு... ஒரு வரி காணாமல் போனாலும் யாரோ ஒருவர் கூலியில் இடிக்கும்.

"ஏங்கண்ணு, பொட்டிய அணைச்சுப்போட்டா எம்பட கணக்கு எங்க இருக்கும்?" என்றார் பெரியப்பா. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது :-)

டாக்கர் 2013ல் வந்தது. அதில் இமேஜ் என்பது படிக்க மட்டுமே முடிகிற அடுக்குகள். கன்டெய்னரை ஓட்டும்போது அவற்றின் மேல் எழுதக்கூடிய மெல்லிய அடுக்கு ஒன்று சேரும். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அப்ளிகேஷன் எழுதுவதெல்லாம் அங்கேதான் போகும். கன்டெய்னரை நிறுத்தினாலே எல்லாம் அழிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது தப்பு. நிறுத்தித் திரும்ப ஓட்டினால் அப்படியே இருக்கும். நீக்கினால்தான் அந்த அடுக்கும் சேர்ந்து போகும். சிக்கல் என்னவென்றால், புது வெர்ஷனுக்கு மாற பழைய கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதியதை வைப்பதுதான் இங்கே வழக்கமே.

ஆலைக்கொட்டகைக்கு ஓலை மாற்றுகிற மாதிரி. கணக்கு நோட்டை யாராவது ஓலையில் சொருகி வைப்பார்களா? வீட்டு பீரோவில்தானே இருக்கும். அந்த பீரோதான் வால்யூம். கன்டெய்னருக்கு வெளியே, லினக்ஸில் டாக்கரின் சொந்த ஃபோல்டருக்குள் இருக்கும். நாமே ஒரு ஃபோல்டரைக் காட்டி "இங்கே எழுது" என்றால் அது பைண்ட் மவுண்ட். கோட் எழுதும்போது அது வசதி, டேட்டாபேஸுக்கு வால்யூம்தான் நல்லது என்பது என் கட்சி.

நிஜக் கணக்கை ஏற்றும் முன் பொய்க்கணக்கு இருபது வரி போட்டு, போஸ்ட்கிரெஸ் கன்டெய்னரை வேண்டுமென்றே நீக்கிப் பார்த்தேன். புதிய கன்டெய்னரில் ஒன்றும் இல்லை. ஆனால் டேட்டா அழியவும் இல்லை! அந்த இமேஜ் நாம் கேட்காமலே பெயரில்லாத வால்யூம் ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. பழைய கணக்கு 64 எழுத்துப் பெயரோடு ஒரு மூலையில் கிடந்தது. புதிய கன்டெய்னர் தனக்கென வேறொன்றை எடுத்துக்கொண்டது. இடம் போதவில்லை என்று யாராவது 'ப்ரூன்' கொடுத்தால் அந்தப் பழையதும் காலி. ஆகவே வால்யூமுக்கு நாமே பெயர் வைத்துவிட வேண்டும். 'கம்போஸ் டவுன்' கட்டளையோடு 'வி' சேர்த்தால் பெயர் வைத்ததும் போகும், அது வேறு விஷயம். இன்னொன்று, 2025ல் வந்த போஸ்ட்கிரெஸ் 18 இமேஜில் டேட்டா இருக்கும் பாதையையே மாற்றிவிட்டார்கள். பழைய பதிவைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்காதீர்கள்.

பெயரிட்ட வால்யூமோடு அதே சோதனையை மறுபடி செய்தேன். இருபது வரியும் இருந்தது.

ஆனாலும் பீரோ இருப்பது வீட்டில்தானே! 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் மேட்டூரிலிருந்து வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தார்கள். நாங்கள் இருப்பதோ காவிரிக் கரையில். டிஸ்க் நனைந்தால் வால்யூமும் போச்சு. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைல்களை அப்படியே காப்பி எடுத்தாலும் அரைகுறையாக வரலாம். அதனால் தினமும் இரவு 'பிஜி டம்ப்' ஓடி, ஒரு பிரதி நாமக்கல்லில் அத்தை வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. மாதம் ஒருமுறை அதை அங்கேயே திறந்து, முன்பணக் கூட்டுத்தொகை பெரியப்பாவின் நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன்.

நோட்டை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரும் நிறுத்துவதாக இல்லை.