கடலுக்குப் போகும் நீர் வீணா?

உடன்குடியின் பனங்காடுகளைப் பின்னே விட்டு, திருச்செந்தூர், காயல்பட்டினம், ஆத்தூர் வழியாக வடக்கே சென்று கிழக்கே திரும்பினால் புன்னைக்காயலை அடைகிறோம். பொதிகையில் பிறந்த தாமிரபரணி மன்னார் வளைகுடாவோடு கலக்கும் கழிமுகம் இதுவே.

"நல்ல தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறதே!" என்று நாம் வருந்துவதுண்டு. இங்கு வந்து நிற்போர்க்கு அவ்வருத்தம் குறையும். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் கழிமுகம் மீன்களின் தொட்டில் அன்றோ! மடவையும் இறாலும் கடலில் முட்டையிடுகின்றன; அவற்றின் குஞ்சுகளோ கழிமுகத்துள் புகுந்து, அலையாத்தி வேர்களிடையே வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆற்றில் வளரும் விலாங்கோ முட்டையிடக் கடலை நாடிச் செல்கிறது.

இப்போக்குவரத்துக்கு மனிதனே இடையூறாகிறான். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது, ஆங்கிலேயர் காலத்து ஸ்ரீவைகுண்டம் அணை. அதனைத் தாண்டி வரும் நீர் கோடையில் குறையக் குறைய, கழிமுகத்தில் உப்பு மிகுகிறது. ஊர்களின் சாக்கடை கலந்தால் நீரிலுள்ள உயிர்வளி குன்றுகிறது. அலையாத்தி அழிந்தால் குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமில்லை. சிறுகண் வலையோ அவை வளருமுன்னே வாரிவிடுகிறது.

இவற்றால் மீன் அடியோடு மறைந்துவிடுவதில்லை, வகைகள் குறைகின்றன. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை போல, கேட்டைத் தாங்கும் சிலவே பெருகுகின்றன.

அணையின்றி இப்பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் செழிக்கா. இதை யாரும் மறுக்கார். ஆயினும் வயலுக்கு ஒரு பங்கு உண்டெனில், கடலுக்கும் ஒரு பங்கு உண்டு. கடற்கரை மக்களின் வீட்டு உலை அதை நம்பியே கொதிக்கிறது.