அந்தமானில் ஒரு மொழிக்குடும்பம்

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அந்தமான் செல்ல விரும்புவோர்க்கு விமானம் உண்டு. நாங்கள் ரயிலில் சென்னை சென்று, அங்கிருந்து கப்பலேறினோம். ஏறத்தாழ மூன்று நாட்கள் நீரும் வானுமன்றி வேறொன்றும் காணோம். பின்னரே போர்ட் பிளேர் தென்பட்டது. 2024-ஆம் ஆண்டு முதல் அவ்வூருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலார் சிறையைக் கண்டோம். வெற்றிமலை முருகனைத் தரிசித்தோம். அபர்டீன் கடைவீதியில் தமிழும் வங்காளமும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலித்தன. அம்மண்ணுக்கே உரிய மொழி மட்டும் எங்கள் காதில் விழவில்லை.

அம்மொழிக்கு உரியவர்கள் பெரிய அந்தமானியர் எனப்படுவோர். பெயா, கோல், போ, கோரா, ஜெரு என்று பத்துக் குழுவினராக அவர்கள் வாழ்ந்தனர். குழுவுக்கு ஒரு மொழி இருந்தது. அப்பத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதே தீவுகளில் வாழும் ஜாரவா, ஓங்கே மக்களின் மொழிகளையும் அறிஞர்கள் வேறு குடும்பமாகவே கொள்கின்றனர்.

அம்மொழிகளின் அமைப்பு வியப்புக்குரியது. ‘தலை’ என்று தனியே சொல்ல அங்கே வழியில்லை. என் தலை, உன் தலை என்று உரியவரையும் சேர்த்தே சொல்லவேண்டும். உடலை ஏழு பகுதிகளாக வகுத்து, பகுதிக்கு ஒரு முன்னொட்டு வைத்திருந்தனர். வாயைச் சார்ந்தவற்றுக்கு ‘அகா’ என்பது முன்னொட்டு. ஆதலால்தான் அகா-பெயா, அகா-போ, அகா-ஜெரு என்று மொழிகளுக்கே பெயர் அமைந்தது. நாம் ‘வாய்மொழி’ என்கிறோமே, அது போலத்தான்.

1858-இல் ஆங்கிலேயர் அங்கே கைதிகளின் குடியேற்றத்தை நிறுவினர். அந்நாளில் பல்லாயிரவராக இருந்த அம்மக்கள் மறு ஆண்டே அபர்டீனில் எதிர்த்துப் போரிட்டுத் தோற்றனர். அதன்பின் வந்த நோய்களே பெருங் கேடு செய்தன. 1877-இல் பரவிய தட்டம்மை பலரைக் கொண்டுபோயிற்று. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியோர் 625 பேர். 1961-இல் 19 பேர். பிறகு அரசினர் அவர்களை ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தினர். அனுமதியின்றி அயலார் அங்கே செல்லலாகாது, நாங்களும் செல்லவில்லை.

நம் நகருக்கு அண்மையிலுள்ள ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக விளங்கிய அன்விதா அப்பி அம்மையார், எஞ்சியோரிடம் பன்முறை சென்று சொற்களைத் திரட்டி, அகராதியும் இலக்கணமும் இயற்றினார். அவர்க்குச் சொல் தந்தவர்களுள் ஒருவர் போவா என்னும் மூதாட்டி. தம் மொழியில் பேச எவரும் இன்மையால் அவர் பறவைகளோடு பேசுவாராம். 2010 ஜனவரி 26 அன்று, தலைநகரில் குடியரசு தின அணிவகுப்பு நடந்த நாளில், அவர் காலமானார். போ மொழியும் அவரோடு முடிந்தது. 2020-இல் லிச்சோ என்னும் மாது மறைந்தபோது சாரே மொழியும் மறைந்தது. இன்று அம்மக்கள் ஐம்பதுக்கு மேற்பட்டு இருக்கின்றனர். ஆனால் பழைய மொழி சில முதியோர் நாவில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பேசுவது இந்தி.

ஆள் குறைந்தது நோயினால். மீந்த சிலரிடத்தும் மொழி குறைந்ததற்கு வேறு காரணம் உண்டு. வெவ்வேறு குழுவினர் கலந்து மணந்தனர். பள்ளிக்கும் கடைக்கும் இந்தியே போதுமானதாயிற்று. வீட்டில் பழைய மொழிக்கு வேலையில்லாமற் போயிற்று.

தமிழுக்கு அந்நிலை வரும் என்று நாங்கள் அஞ்சவில்லை. ஏறத்தாழ ஏழு கோடிப் பேர் பேசும் மொழி அது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரு மொழி மறைவதற்கு ஏழு கோடிப் பேரும் மறைய வேண்டியதில்லை. நம் குடியிருப்பில் தாய் தமிழில் கேட்க, பிள்ளை இந்தியில் விடை சொல்லும் வீடுகள் எத்தனை! லக்ஷ்மிபாய் நகரிலேயே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. பள்ளி எழுத்தைக் கற்பிக்கும். பேச்சை வீடுதான் கற்பிக்க வேண்டும். இரவு உணவு வேளையிலேனும் நம் இல்லங்களில் தமிழே பேசுவோம். ஊரிலுள்ள பாட்டியோடு வாரம் ஒருமுறை பிள்ளைகளைத் தமிழில் பேசச் செய்வோம். போவா மூதாட்டிக்கு விடை சொல்ல மனிதர் இல்லை. நம் வீட்டுப் பாட்டிமார்க்குப் பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.