நெய்க் கிண்ணமும் நானகத்தாவும்

வலங்கைமானுக்கு வந்திருக்கிறீர்களா? கும்பகோணத்தில் மன்னார்குடி பேருந்து ஏறித் தெற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் வந்தால், குடமுருட்டி ஆற்றங்கரையில் எங்கள் ஊர். சுற்றிலும் நெல்வயல். ஊர்ப்பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது இங்குக் குடிசைத் தொழிலாக நடக்கும் பட்டாசுத் தயாரிப்பு. நாவன்மையால் உலகப் புகழ் பெற்ற சீனிவாச சாஸ்திரியார் 1869இல் பிறந்ததும் இவ்வூரில்தான். ஆயினும் இன்று நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது ஒரு தேநீர்க் கடைக்கு.

அஸர் தொழுகைக்கும் மக்தப் பிள்ளைகள் வந்து சேர்வதற்கும் இடையே எனக்கு அரைமணி நேரம் ஓய்வு உண்டு. "வாங்க ஹஜரத்" என்று கடைக்காரர் பெஞ்சில் இடம் ஒதுக்குவார். எதிரே கண்ணாடி ஜாடிகள்: உப்பு பிஸ்கட், வெண்ணெய் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட், வர்க்கி, ரஸ்க். விடியற்காலையில் நாற்றுப் பறிக்கச் செல்லும் பெண்கள் ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டுமாக இங்கேதான் பசியாறுகிறார்கள். சிந்தித்துப் பாருங்கள்! நாட்டுக்கே நெல் கொடுக்கும் பூமியில், அந்த நெல்லுக்காகச் சேற்றில் இறங்குபவரின் வயிற்றில் முதலில் விழுவது கோதுமை மாவு. அக்கோதுமையின் ஒரு கதிர்கூட இம்மண்ணில் விளைவதில்லை.

ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. மேரி பிஸ்கட் 1874இல், ருஷ்ய இளவரசி ஒருவரின் திருமணத்தையொட்டி லண்டனில் பிறந்தது. பம்பாயின் விலே பார்லேயில் 1929இல் தொடங்கிய தொழிற்சாலை 1939இல் தந்த குளுக்கோஸ் பிஸ்கட்டை அறியாத பிள்ளை நாட்டில் இராது. அதைத் தேநீரில் நனைத்து மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். நான்கு எண்ணினால் தம்ளரின் அடியில்தான் தேட வேண்டும். கும்பகோணத்து டிகிரி காப்பியில் எதையும் நனைக்கலாகாது என்பார்கள். இவ்விஷயத்தில் நானும் அவர்கள் கட்சியே.

ஆனால் நம் வீடுகளுக்கென்று ஒரு பிஸ்கட் உண்டன்றோ? நானகத்தா! நானாகத்தா என்றும் ஞானகத்தா என்றும் ஊருக்கு ஒரு விதமாகச் சொல்வோம். இலங்கையிலும் ஏறக்குறைய இதே பெயர்தான். பர்மாவிலும் இப்பெயரை ஒட்டிய பெயரில் இது விற்கிறது. எங்கள் வீட்டுப் பெருநாள் பண்டம் என்றே சிறுவயதில் எண்ணியிருந்த எனக்கு, அது சூரத் நகரத்துச் சரக்கு என்று பிற்பாடு படித்தபோது வியப்பாக இருந்தது. சூரத்தில் டச்சுக்காரர்கள் நடத்திய ரொட்டிக் கடை, அவர்களிடம் வேலை பார்த்த ஃபராம்ஜி பெஸ்தன்ஜி தோட்டிவாலா என்ற பார்சிக்காரரிடம் வந்தது. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கப் பனங்கள் சேர்த்தார்கள். அதனால் ஊரார் பலர் அதைத் தொடவில்லை. கள்ளையும் முட்டையையும் நீக்கிச் செய்த பண்டமே நானகத்தா ஆயிற்று என்று சொல்லப்படுகிறது. 'நான்' என்பது பாரசீகத்தில் ரொட்டி. மீதிப் பாதிக்குச் சீன தேசம் என்று பொருள் சொல்வோரும் உண்டு, ஆறு என்று சொல்வோரும் உண்டு. அக்காலத்தில் ஹஜ்ஜுப் பயணிகள் கப்பலேறிய சூரத்துக்கு 'மக்காவின் வாயில்' என்ற பெயரும் இருந்தது.

என் தாயார் சென்ற ஆண்டு வஃபாத்தானார்கள். மூட்டுவலியால் அடுப்பருகே உட்கார முடியாமற் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன; அதுமுதல் எங்கள் வீட்டில் பெருநாளைக்குக் கடை நானகத்தாதான். இவ்வாண்டு என் தங்கை, "அம்மா பக்குவத்தில் நானே செய்யப் போகிறேன், அண்ணன்" என்று பிடிவாதமாக நின்றாள். அளவு அவளுக்கு மனப்பாடம்: மைதா ஒரு பங்கு, சர்க்கரை அரைப் பங்கு, நெய் அரைப் பங்கு, ஏலப்பொடி, ஒரு சிட்டிகை சோடா உப்பு. சர்க்கரையை அளந்த பிறகே பொடிக்க வேண்டும், பொடித்த பிறகு அளக்கக் கூடாது என்ற நுணுக்கமும் தெரியும்.

தட்டைத் திறந்தால், உருண்டைகள் எல்லாம் உருகிப் பரவி ஒரே அடையாகக் கிடந்தன. தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாவு வீணானதற்கு அழுதவள் அல்லள் அவள். சோடா உப்பு மிகுந்துவிட்டது என்றேன் நான். அது என் அறியாமை. மறுநாள் தேநீர்க் கடையில் இதைச் சொன்னபோது, ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரே கேள்வி கேட்டார்: "நெய் உறைஞ்சு இருந்துச்சா ஹஜரத், உருகி இருந்துச்சா?"

அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. பெருநாள் கோடையில் வந்த என் சிறுவயதில் (1990இல் ஏப்ரல் கடைசியில் வந்தது), தாயார் நெய்க் கிண்ணத்தைக் கிணற்றுத் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்திருப்பார்கள். எறும்பு ஏறாமலிருக்க என்றே நான் எண்ணியிருந்தேன்! உறைந்த நெய்யைச் சர்க்கரையுடன் வெளுக்கும்வரை தேய்த்தால்தான் அதில் காற்று ஏறும். உருண்டையும் நின்று வேகும். தங்கை கைவேலை பழகியதோ 2000ஆம் ஆண்டையொட்டி. அவ்வாண்டு நோன்புப் பெருநாள் ஜனவரியில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை என இருமுறை வந்தது. நம் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதல்லவா? அப்பனியில் நெய் தானே உறைந்திருந்தது. தண்ணீர்த் தாம்பாளத்தை அவள் கண்டதே இல்லை. தாயாருக்கும் சொல்லித்தரத் தோன்றவில்லை போலும்.

பங்குனி வெயிலில் நெய்க் கிண்ணத்தைத் தாம்பாளத் தண்ணீரில் வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தோம். அவசரத்துக்குத் தங்கை ஐஸ்கட்டியும் போட்டாள். அந்த வசதி தாயாருக்கு இருந்ததில்லை. அவர்கள் கொட்டாங்கச்சித் தணலைச் சட்டியின் கீழும் மூடியின் மேலும் பரப்பிச் சுடுவார்கள். பட்டாசு ஊரல்லவா, பிள்ளைகள் ஒருவரையும் தணல் பக்கம் அண்டவிட மாட்டார்கள். நாங்கள் கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி எரிவாயு அடுப்பில் ஏற்றினோம். இருபத்தைந்து நிமிடம். மூடியைத் திறந்தபோது ஒவ்வொன்றின் தலையிலும் வெடிப்பு விழுந்திருந்தது. ஆறும்வரை தொடாதே என்று என் கையைத் தட்டிவிட்டாள்; சூட்டில் எடுத்தால் உதிர்ந்துவிடுமாம்.

பெருநாள் மாலையில் ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ரொட்டிக் கடைக்காரர் ஒன்றைப் பிட்டு, உள்ளே பார்த்து, பிறகே வாயில் போட்டார். கடைக்காரர் தம் பங்கைத் தேநீரில் நனைக்கப் போனார். வேண்டாம், கரைந்துவிடும் என்று நான் சொல்வதற்குள் பாதி உள்ளே விழுந்துவிட்டது. கரண்டி கேட்டு வாங்கி, அதையும் அள்ளிச் சாப்பிட்டார்.