பலகைக்கும் தேமல் வரும்!

2008-ல் கல்யாணமாகி லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்த புதிதில், வீடு முழுக்க கார்ப்பெட் விரித்திருந்ததைப் பார்த்து, "அடேயப்பா, தரையெல்லாம் மெத்தை!" என்று பூரித்துப் போனேன். அந்த மெத்தையே எனக்குத் தலைவலியாக முடியும் என்று அப்போது தெரியவில்லை.

என் பெண்ணுக்கு ஒன்பது வயது. குளிர் ஆரம்பித்தால் இழுப்பும் வந்துவிடும். சோதித்ததில் வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. "மருந்தை நிறுத்தக் கூடாது. முடிந்தால் அவள் படுக்கிற அறையில் மட்டுமாவது கார்ப்பெட்டை எடுத்துப் பாருங்கள்" என்றார் டாக்டரம்மா.

சுருட்டி எடுத்தோம். அடியில் பைன் மரப் பலகை. நூறு வருஷத்துக்கு முந்தைய இந்த ஊர் வீடுகளில் பெரும்பாலும் அதுதான். தேக்கு மாதிரி வைரம் பாய்ந்த மரமல்ல; நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். மெருகு போட ஆட்கள் கேட்ட கூலியைக் கேட்டதும் என்னவர், "பேசாம கார்ப்பெட்டையே திரும்ப விரிச்சிடலாம்" என்றார்.

"ஏங்க, நானே செஞ்சு பார்க்கறேனே!" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உள்ளூர எனக்கொரு ஆசை. கும்பகோணத்தில் அம்மா வீட்டுக் கூடத்துச் சிவப்புத் தரையின் நிறம் இங்கேயும் வர வேண்டும்!

பெண்ணை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். ஓரத்துப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று கடையில் விற்கும் சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தோம், நல்லவேளை, இல்லை. ஆணித் தலைகளை உள்ளே இறக்கி, தேய்க்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து, முகமூடி கட்டிக்கொண்டு 40 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்தேன். பிறகு 80, 120. புதுப் பலகை போல வெளுத்து வந்தது.

அந்த மகிழ்ச்சியில், எண்ணெயில் கரைத்த செம்மண் நிறச் சாயத்தை நேரே தடவிவிட்டேன். விடிந்து பார்த்தால், ஓரிடம் கறுப்பு, ஓரிடம் வெளிறல். பலகைக்குத் தேமல் வந்த மாதிரி! சாயத்துக்குக் கொடுத்த பணம், மூன்று நாள் முதுகு வலி எல்லாம் போச்சு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. அடுக்களைக்குள் போய் அழுதேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தச்சு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்து பார்த்துச் சிரித்தார். "மரத்தின் மேல் தப்பில்லை. தாகமாக இருப்பவனுக்கு முதலிலேயே சாயத்தைக் கொடுத்துவிட்டாய்" என்றார். பைன் மரத்தின் வெளிர் ரேகை மிருது, கரும் ரேகை கெட்டி. மிருதுவான இடம் சாயத்தை மடமடவென்று குடித்துக் கறுத்துவிடும். கெட்டியான இடம் குடிக்காது. அதனால் சாயத்துக்கு முன்னால், மரத்தின் தாகம் தணிக்கும் கண்டிஷனரைப் பூச வேண்டுமாம். நிறம் சற்று மட்டாக விழும். ஆனால் சீராக விழும்.

மறுபடி மெஷின், மறுபடி தூசி. பெண்ணை இன்னும் ஒரு வாரம் அத்தை வீட்டில் விட்டோம். இந்தத் தடவை அலமாரிக்குள் மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு முதலில் தடவிப் பார்த்தேன். நிறம் பிடித்த பிறகே அறைக்கு வந்தேன். கண்டிஷனரைப் பூசித் துடைத்து, டப்பாவில் போட்டிருந்த நேரத்துக்குள் சாயம். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பலகைதான்; அவற்றை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முடித்து, மிச்சத்தை உடனே துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீரில் கரையும் வார்னிஷ் மூன்று கை. ஒவ்வொரு கைக்கும் நடுவே மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவல்.

இன்னொரு தப்பும் செய்தேன். சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டி அடுக்களை மூலையில் பையில் போட்டிருந்தேன். அவர் எடுக்கப் போனவர், "என்ன இது, சுடுது!" என்றார். எண்ணெய்த் துணி காயும்போது தானே சூடேறும். சுருட்டி வைத்தால் நெருப்பே பிடிக்கலாமாம்! சகோதரிகளே, அவற்றை வெளியே தனித்தனியாக விரித்துக் காய விடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமுக்கி மூடி வையுங்கள்.

வாசனை முழுக்கப் போன பிறகுதான் பெண்ணை அழைத்து வந்தோம். இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்ஹேலர் இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது தினம் ஈரத்துணியை இறுகப் பிழிந்து நானே தூசியைத் துடைக்கிறேன், எனக்கு நிம்மதி.

போனில் தரையைக் காட்டினேன். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "நிறம் கொஞ்சம் மட்டு. ஆனா வழவழன்னு இருக்குடி" என்றாள். அம்மாவிடம் இவ்வளவு வாங்குவதே பெரிது!