காயல் பக்க அறை வேண்டுமா?

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய மிளகுக் கிடங்குகளில் சில இப்போது விடுதிகள். ஒருபக்க ஜன்னல் காயலைப் பார்க்கும்; மறுபக்கம் சரக்கு வண்டிகளை. புக்கிங் ஆப்பில் 'காயல் பக்கம், தரைத்தளம்' என்று எழுதுவது வெறும் வேண்டுகோள்தான், உறுதி இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அங்கே செங்குத்தான மரப்படி. விடுதிக்கே போன் போட்டேன். "நோக்காம் சேச்சி" (பார்க்கலாம் அக்கா) என்றார் வரவேற்பில் இருந்த பையன். விடவில்லை. அறை எண்ணை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கி, கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி நினைவூட்டினேன். கிடைத்தது.

காயல் பக்கத்துக்குத் தனிக் கட்டணம் என்றால் அதையே புக் பண்ணுங்கள். சாதா அறைக்காசில் காயல் கேட்பது பேராசை. டிசம்பரில் கொச்சி பினாலே கலைவிழா தொடங்கிவிட்டால் எந்தச் சிபாரிசும் எடுபடாது. சனிக்கிழமை தவிர்த்துத் தேதி போடுங்கள், மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயம் அன்று திறக்காது.