யார் லைன் போடலாம்?

சிங்கப்பூர்லேர்ந்து படப்பைக்குத் திரும்பி பதினோரு நாள்.
வீட்டுக்கு இன்னும் நெட் போடல.

அங்க இது ஒரு வேலையே இல்ல. வீட்டு வாசல் வரைக்கும் ஃபைபர் நெட்லிங்க்குன்னு ஒரே நிறுவனத்தோடது. அதே கம்பி மேலதான் பல கம்பெனிக்காரங்க போட்டி போட்டு நெட் விப்பாங்க. கம்பெனியை மாத்தினாலும் கம்பியை மாத்த வேண்டாம்.

இங்க ஆளாளுக்குத் தனிக் கேபிள். தெருமுனை போஸ்ட்டைப் பாத்தாலே தெரியும்.
அதனால எது நல்ல கம்பெனின்னு கேட்டுப் பிரயோஜனமில்ல.
எங்க தெருவுக்கு யார் கேபிள் வந்திருக்கு? அறுந்தா யார் வந்து ஒட்டுவாங்க?

ஏர்ஃபைபர் போடச் சொல்றான் தம்பி. கேபிளே வேணாம், 5ஜி டவர்லேர்ந்து வரும்.
ஆனா ஒரகடம் ஃபேக்டரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து எல்லாரும் ஃபோனைத் திறக்கற நேரத்துல, அதே டவரைத்தானே பங்கு போட்டுக்கணும்?

பக்கத்து போர்ஷன்ல ஒடிசா பசங்க நாலு பேர்.
நேத்து ராத்திரி மொட்டை மாடி மூலையில நின்னு, ஒருத்தன் சிக்னலுக்காகக் கையத் தூக்கிப் பிடிச்சு அவங்கம்மாவப் பாத்துப் பேசிட்டிருந்தான்.
சிங்கப்பூர் போன புதுசுல நானும் அப்படித்தான் நின்னேன். தொண்டை அடைச்சுப் போச்சு.

லைன் வந்ததும் பாஸ்வேர்டு அவங்களுக்கும்தான்.

வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டோரம் இருக்கறவங்க சொல்லுங்களேன்,
ஐப்பசி மழையில யார் லைன் நிக்குது?