ஆழியாறில் வெயில், வால்பாறையில் மழை!

ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் திரிந்த ஆனைமலை இது. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. இப்போது நம் கையில் கேமராதான். ஆனால், காட்டுக்கு என்ன உடுத்துவது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆழியாறில் வியர்த்து வழியும். 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், வால்பாறையில் அடைமழை! போன ஜூலையில் ஜீன்ஸோடு போய் நனைந்தேன். மாலைவரை காயவில்லை. குளிரில் பையனுக்கு உதடு நடுங்க, பாதியிலேயே திரும்பிவிட்டோம்.

இந்த முறை திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தைக் கிளறினோம். சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டி-ஷர்ட், டிராக் பேன்ட், எல்லாம் மங்கிய பச்சையில், மலிவாக. (போட்டுப் பார்த்து வாங்குங்கள், வெளிநாட்டு 'மீடியம்' நமக்குத் தொளதொள!)

மிச்சம் பிடிக்கக் கூடாதது மழைக்கோட்டில். உள்பக்கம் திருப்பி, தையலின் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டை ஏறாமலிருக்க நெருக்கமாக நெய்த நீளக் காலுறை போட்டு, பேன்ட்டை அதற்குள் செருகிவிடுங்கள்.